'டெட் ஸோன்' தமிழில்: 'வளிவறட்சி'யை விலக்கிக்கொள்கிறேன், 'மூச்சுமுட்டு நீர்' பொருந்துமா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

உலகப் பெருவளைகுடாக்கள் சுவர்ப்படத்துக்கான சொற்பட்டியல் ஏறக்குறைய முடிந்துவிட்டது. கடற்புல், மிதவையுயிரி, கண்டத்திட்டு எல்லாவற்றிலும் ஒத்துப்போய்விட்டோம். மெக்சிகோ வளைகுடாவில் மிசிசிப்பி கழிமுகத்திலிருந்து மேற்கே டெக்சாஸ் கரை நோக்கிச் சிவப்பாகத் தீட்டியிருக்கும் அந்தப் பரப்புக்கு மட்டும் இன்னும் பெயர் கிடைக்கவில்லை. கோடையில் அடிநீரில் உயிர்வளி (ஆக்சிஜன்) தீர்ந்து மீன் நிற்காத பரப்பு அது. ஆங்கிலத்தில் டெட் ஸோன் என்கிறார்கள். சென்ற வாரம் நான் 'வளிவறட்சி' என்று முன்வைத்திருந்தேன். வந்த மறுப்புகளைப் படித்தபின் அதை விலக்கிக்கொள்கிறேன். ஏன் என்பதையும், அதன் இடத்தில் எதை வைக்கலாம் என்பதையும் கீழே எழுதுகிறேன். மடல் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

> 'இறந்த மண்டலம்' என்று செய்திகளில் வரத் தொடங்கிவிட்டது. புழங்கும் சொல்லை ஏன் மாற்ற வேண்டும்?

புழங்கும் சொல்லுக்கு முதல் உரிமை என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இது ஆங்கிலத்தை அப்படியே எடுத்து வைத்தது, தமிழில் புழங்கி வந்ததல்ல. தமிழில் ஆள் இறப்பார், மாடு சாகும், பயிர் கருகும். மண்டலம் எப்படி இறக்கும்? அதோடு 'சாக்கடல்' என்ற பெயர் நம் பாடநூல்களில் ஏற்கெனவே வேறொரு கடலுக்கு நிலைத்துவிட்டது. பக்கத்திலேயே 'இறந்த மண்டலம்' என்று போட்டால் பிள்ளைகள் இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்வார்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல், அந்தச் சொல் நடப்பதைத் தவறாகச் சொல்கிறது. அங்கே நடப்பது இதுதான். அமெரிக்கப் பெருநிலப்பரப்பில் நூற்றுக்கு 41 பங்கு நிலத்தின் தண்ணீர் மிசிசிப்பி ஆற்றுத் தொகுதி வழியாகத்தான் கடலுக்குப் போகிறது. அயோவா, இல்லினாய் சோளக்காடுகளில் போட்ட உரத்தில் பயிர் எடுத்தது போக மிஞ்சிய தழைச்சத்தும் மணிச்சத்தும் வசந்தகால வெள்ளத்தோடு வளைகுடாவுக்கு வந்து சேர்கின்றன. ஆற்றின் நன்னீர் எடை குறைந்தது. அது உப்புநீரோடு உடனே கலக்காமல் மேலே பாய் விரித்தாற்போல் பரவுகிறது. உரம் தின்ற நுண்பாசிகள் அந்த மேல்நீரில் மளமளவென்று பெருகி, மடிந்து, அடிக்கு இறங்குகின்றன. அடியில் அவற்றை மட்கச் செய்யும் பாக்டீரியாக்கள் உயிர்வளியைத் தின்று தீர்க்கின்றன. மேலே நன்னீர் மூடிபோல் கிடப்பதால் காற்றிலிருந்து புதிய உயிர்வளி கீழே இறங்க வழியில்லை.

லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே உயிர்வளி போனால் அந்த நீரை இந்தக் கணக்கில் சேர்க்கிறார்கள். இந்த 2 என்ற எண் மடி (இழுவை வலை) இழுத்துப் பார்த்துக் கிடைத்தது. அதற்குக் கீழே போன தண்ணீரில் இழுவை மடியை எத்தனை தடவை இழுத்தாலும் இறாலோ மீனோ ஏறவில்லை. அதாவது வெறும் மடி ஏறிய இடத்தைத்தான் 'செத்த இடம்' என்கிறார்கள். படகில் இருப்பவர் பார்வையில் அது சரிதான். ஆனால் நீந்தத் தெரிந்தவை விலகி ஓடிவிட்டன, அதனால்தான் மடி வெறுமையாக ஏறியது. பழுப்பு இறால்கள் இந்தப் பரப்பின் விளிம்புகளில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். ஓட முடியாத புழுக்களும் சிப்பிகளும் சேற்றுக்குள்ளிருந்து மேலே வந்து கிடந்து மடிகின்றன. அவை போனபின்னும் அடித்தரை சும்மா இல்லை, கந்தகத்தை உண்டு வாழும் பாக்டீரியாக்கள் அதன்மேல் வெள்ளை விரிப்பாகப் படர்கின்றன. அப்புறம் இலையுதிர்காலக் காற்று வந்து மேல்நீரையும் கீழ்நீரையும் கலக்கிவிட்டால் அந்த ஆண்டுக்கு எல்லாம் முடிந்தது. அடுத்த கோடையில் மறுபடி தொடங்கும்.

ஆண்டுதோறும் வந்து போகிற ஒன்றை 'இறந்த' என்று சொன்னால், படிக்கிற பிள்ளை அது என்றைக்குமே அப்படித்தான் என்று நினைக்கும். இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்றும் நினைக்கும். எனக்கு உறுத்துவது இதுதான்.

> 'பாழ்நீர்' சிறிய சொல், அழகான சொல். பாழ்நிலம் போல.

அழகான சொல்தான். எனக்கும் முதலில் பிடித்தது. ஆனால் கலிபோர்னியா வளைகுடாப் படத்துக்கு வந்ததும் இந்தச் சொல் இடறுகிறது. அங்கே சில நூறு மீட்டர் ஆழத்தில் இயல்பாகவே உயிர்வளி மிகக் குறைந்த ஓர் அடுக்கு இருக்கிறது. அதற்கு உரமோ சோளக்காடோ காரணமில்லை. ஆழத்தில் பழைய நீர் மெல்ல நகர்வதாலும், மேலிருந்து மட்குப்பொருள் ஓயாமல் விழுவதாலும் வந்தது. 2015இல் அந்த வளைகுடாவின் ஆழத்துக்கு ஆளில்லாக் கலத்தை இறக்கியபோது, மேற்பரப்பு நீரில் இருக்கும் உயிர்வளியில் நூறில் ஒரு பங்குகூட இல்லாத இடத்தில் மீன்கள் கூட்டமாகத் திரிவதைக் கண்டார்கள். விலாங்குபோல் நீண்ட ஒரு வகை, இன்னொன்று தலை பெருத்து உடல் சிறுத்த சின்னஞ்சிறு சுறா. அந்தச் சுறாவின் பெருந்தலை முழுக்கச் செவுள்தான்! கிடைக்கிற கொஞ்சத்தையும் விடாமல் பிடித்துக்கொள்ளும் உடலமைப்பு அது. ஹம்போல்ட் கணவாய்களும் பகலில் அந்த ஆழத்துக்கு இறங்கி, இரவில் மேலே வந்து இரை பிடிக்கின்றன. இதைப் பாழ் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

ஓமான் வளைகுடாவிலும் இப்படி ஓர் அடுக்கு உண்டு. கடற்கொள்ளை பயத்தாலும் நாடுகளுக்கிடையே இருந்த பதற்றத்தாலும் பல பத்தாண்டுகளாகக் கப்பல் அனுப்பி அளக்க முடியாமலிருந்த இடம் அது. தானாக நீந்தும் அளவைக் கருவிகளை விட்டுப் பார்த்தபோது, ஸ்காட்லாந்தைவிடப் பெரிய பரப்பில் உயிர்வளி அறவே இல்லை என்ற அளவுக்குக் குறைந்திருப்பது தெரிந்தது. அந்த முடிவுகள் 2018இல் வெளிவந்தன.

ஆகவே நமக்கு இரண்டு சொற்கள் வேண்டும். ஆழத்தில் நிலையாக இருக்கும் அடுக்குக்கு ஒன்று, கரையோரம் மனிதர் செயலால் பருவந்தோறும் வந்துபோவதற்கு ஒன்று. முதலாவதற்கு 'உயிர்வளி அருகிய அடுக்கு' என்பதைச் சென்ற மாதமே இங்கு ஒருவர் சொல்லியிருந்தார். 'அருகிவரும் உயிரினம்' என்று பள்ளியிலேயே படிப்பதால் 'அருகிய' யாருக்கும் புதிதல்ல. அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

> வளி என்றால் காற்று. 'வளிவறட்சி' என்றால் காற்று வீசாத நாள் என்று எடுத்துக்கொள்ள மாட்டார்களா?

எடுத்துக்கொள்வார்கள். ஏற்கிறேன்.

> வறட்சி என்கிறீர்களே, வெள்ளம் வந்த ஆண்டில்தானே அந்தப் பரப்பு பெருகுகிறது?

இந்தக் கேள்வி என் சொல்லை முழுதாகச் சாய்த்துவிட்டது. கேட்ட அம்மையாருக்கு நன்றி. வறட்சி என்றால் பருவத்துக்கு வரும், போகும், காரணம் உண்டு என்று நினைத்துத்தான் அந்தச் சொல்லைப் பிடித்தேன். ஆனால் எண்களைப் பாருங்கள். 1985 முதல் நான்சி ரபலேயும் அவரோடு சேர்ந்த அறிவியலாளர்களும் ஏறக்குறைய கோடைதோறும் கப்பலில் போய் இந்தப் பரப்பை அளந்து வருகிறார்கள். 1988இல் மிசிசிப்பி படுகை கடும் வறட்சியில் கிடந்தது. அந்த ஆண்டு கடலில் இந்தப் பரப்பு இருந்த இடம் தெரியவில்லை. 1993இல் பெருவெள்ளம், பரப்பு முந்தைய ஆண்டுகளைப் போல் ஏறத்தாழ இரு மடங்கானது. 2017இல் 22,720 சதுர கிலோமீட்டர், அளக்கத் தொடங்கிய நாளிலிருந்து அதுதான் உச்சம். 2020இல் அளக்கப் போகும் நேரத்தில் ஹன்னா புயல் வந்து தண்ணீரைக் கலக்கிவிட, 5,500 சதுர கிலோமீட்டர் அளவுக்குச் சுருங்கியது.

நிலம் வறண்டால் கடலுக்கு மூச்சு வருகிறது, நிலத்தில் வெள்ளம் போனால் கடலுக்கு மூச்சு முட்டுகிறது. இதற்கு வறட்சி என்று பெயர் வைத்தால் வகுப்பில் ஆசிரியர் பாதி நேரம் பெயரைத் திருத்துவதிலேயே போய்விடும்.

மேலே உள்ள வரியை எழுதும்போதுதான் 'மூச்சு முட்டுகிறது' என்று கை தானாக எழுதியது. அங்கேயே நின்று யோசித்தேன்.

முட்டு என்ற சொல்லைக் கவனியுங்கள். எதிரே ஏதோ தடுத்து நிற்பதும் முட்டு. இல்லாமையும் முட்டு: கைக்குப் பணம் வராத காலத்தை 'முட்டுப்பாடு' என்கிறோம், குறையில்லாமல் நடந்தால் 'முட்டின்றி நடந்தது' என்கிறோம். மூச்சுத் திணறுவதும் முட்டு. அந்தக் கடலில் நடக்கும் மூன்றும் இதில் வந்துவிடுகின்றன. மேலே மூடிக்கிடக்கும் நன்னீர் தடை, கீழே உயிர்வளி இல்லாமை, நடுவில் மாட்டிக்கொண்ட உயிருக்குத் திணறல். மூச்சு முட்டுகிற ஆளை வெளியே கொண்டுவந்தால் பிழைத்துக்கொள்வார் என்பதும் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. 'இறந்த' என்பதில் அது கிடையாது.

எனவே என் முன்மொழிவு: மூச்சுமுட்டு நீர்.

பேச்சுச்சொல்லாக இருக்கிறதே, கலைச்சொல்லின் மிடுக்கு இல்லையே என்று சிலர் சொல்லக்கூடும். ஆனால் இந்தக் காட்சி நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. எங்கள் ஊர்க் குளத்தில் தண்ணீர் வற்றிப் பச்சை படிந்து கிடக்கும் நாட்களில், விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடும். 'மீனுக்கு மூச்சு முட்டுதுடா' என்று அப்பா சொல்வார். இரவெல்லாம் பாசியும் சேர்ந்து உயிர்வளியைச் செலவழித்துவிடுவதால் விடியலில்தான் முட்டு அதிகம். அந்தக் குளத்தைப் பார்த்த பிள்ளைக்கு மெக்சிகோ வளைகுடாவை விளக்க ஒரு வரி போதும்.

மெக்சிகோ வளைகுடாவிலேயே இதற்கு இணையான ஒன்று உண்டு. அலபாமா மாநிலத்தின் மோபீல் விரிகுடாவில், கோடையில் சில நாட்கள் விடியலுக்கு முன், கிழக்கிலிருந்து மெல்லிய காற்று வீசிக் கடல் ஏறும் நேரத்தில், அடியிலிருக்கும் முட்டுநீர் கிழக்குக் கரையை நோக்கித் தள்ளப்படுகிறது. அதற்கு முன்னால் ஓடிவரும் நண்டும் இறாலும் தட்டைமீனும் விலாங்கும் கரையோரம் அடுக்கியதுபோல் வந்து கிடக்கும். மக்கள் ஒருவரையொருவர் எழுப்பி, விளக்கும் வாளியுமாக ஓடிப்போய் அள்ளுகிறார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'ஜூபிலி', அதாவது கொண்டாட்டம். ஒரே நீர்தான், கடலில் மடி இழுப்பவருக்கு அது சாவு, கரையில் நிற்பவருக்குக் கொண்டாட்டம். இரண்டு பெயரும் மனிதருக்குக் கிடைத்தது, கிடைக்காததை வைத்து வந்தவை. நம் சொல் மீனின் பக்கம் நின்று பார்க்கட்டும் என்பது என் விருப்பம்.

> படத்தில் மன்னார் வளைகுடாவும் இருக்கிறது. அங்கே இதற்கு வேலை உண்டா?

உண்டு. 2019 செப்டம்பரில் மண்டபம் பக்கம் நாக்டிலூகா என்ற நுண்ணுயிரி பெருகிக் கடல் பச்சையானது. அது மடிந்து மட்கியபோது நீரில் உயிர்வளி சரிந்து, மீன்கள் கரை ஒதுங்கின. குருசடைத் தீவு, சிங்கிள் தீவுப் பக்கம் பவளங்களும் மடிந்தன. வேகமாக வளரும் கிளைப் பவள வகைகளுக்குத்தான் அடி அதிகம். தேசியப் பூங்காவின் 21 தீவுகளையும் படத்தில் காட்டப் போகிறோம் என்றால், இந்த நிகழ்வுக்கு ஒரு சிறு பெட்டி கட்டாயம் வேண்டும்.

அங்கே மீனவர்கள் அந்தப் பச்சைப் பெருக்கைப் 'பூங்கோரை' என்கிறார்கள். எவ்வளவு அழகான சொல்! நாம் 'பாசிப்பெருக்கம்' என்று பட்டியலில் போட்டிருக்கிறோம். பொதுச்சொல்லாக அது இருக்கட்டும். மன்னார்ப் பெட்டியில் பூங்கோரை என்றே அச்சிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எல்லாரும் ஏற்றால் பட்டியலில் இப்படி மாற்றலாம். நீரில் உயிர்வளி குறைந்த நிலைக்கு 'உயிர்வளிக் குறை', அறவே இல்லாத நிலைக்கு 'உயிர்வளி இன்மை', ஆழ்கடலின் நிலையான அடுக்குக்கு 'உயிர்வளி அருகிய அடுக்கு', கரையோரம் வந்துபோகும் பரப்புக்கு 'மூச்சுமுட்டு நீர்'. இலங்கை நண்பர்கள் ஒட்சிசன் என்றே எழுதிப் பழகியவர்கள். முதல் மூன்றிலும் அதைச் சேர்த்து எழுதினால் பிழையில்லை. நான்காவதில் அந்தச் சிக்கலே எழாது.

படத்தின் அடியில் போட ஒரு குறிப்பும் எழுதிப் பார்த்தேன்:

"மூச்சுமுட்டு நீர்: வயல்களிலிருந்து ஆற்றோடு வரும் உரத்தால் கோடையில் இங்கே பாசி பெருகி மட்குகிறது. அடிநீரில் உயிர்வளி தீர்கிறது. மீனும் இறாலும் விலகி ஓடும். ஓட முடியாதவை மடியும். காற்று நீரைக் கலக்கும்போது மூச்சு திரும்பும். ஆற்றில் வரும் உரத்தைக் குறைத்தால் இந்தப் பரப்பு சுருங்கும்."

ஓவியருக்கும் ஒரு வேண்டுகோள். சிவப்பு வண்ணத்தைக் கெட்டியாகப் பூசாமல் விளிம்பைப் புள்ளிக்கோடாகப் போடச் சொல்லுங்கள். ஒவ்வோர் ஆண்டும் அதன் அளவு மாறுகிறது.

இன்னொன்று. மண்டபம், பாம்பன், கீழக்கரைப் பக்கம் உறவோ நட்போ உள்ளவர்கள் கடலுக்குப் போகும் பெரியவர்களிடம் ஒரு தடவை கேட்டு எழுதுங்கள்: பூங்கோரை மட்கியபின் மீன் நிற்காத அந்தத் தண்ணீரைத் தனியாக ஒரு பெயர் சொல்லி அழைக்கிறார்களா? அப்படி ஒரு சொல் அவர்களிடம் இருந்தால் நான் சொன்னதை எடுத்துவிட்டு அதையே போட்டுவிடலாம். படம் அச்சுக்குப் போக இன்னும் பத்து நாள் இருக்கிறது.

அன்புடன்.