கெளுத்தியோடு எந்தச் சிக்லிட் ஒத்துப்போகும்? உறுப்பினர்களின் அனுபவங்கள்

சென்னை உறுப்பினர்:

கொளத்தூரில் தொட்டிக்குச் சிக்லிட் (முட்டையையும் குஞ்சையும் காவல் காக்கும் மீன் குடும்பம்) வாங்கப் போனால், "இந்தச் சிக்லிட் சாதுவா, சண்டை போடுமா?" என்றுதான் கடைக்காரரிடம் நாம் வழக்கமாகக் கேட்கிறோம். கெளுத்தி இருக்கும் தொட்டிக்கு அந்தக் கேள்வி போதாது. அது எந்த இடத்தில் முட்டையிடும் என்றும் கேட்டிருந்தால், கோரிடோரஸ் என்னும் சிறு தரைக் கெளுத்திகள் ஆறை நான் பறிகொடுத்திருக்க மாட்டேன்.

நான்கடி நீளமும் சுமார் 250 லிட்டர் கொள்ளளவும் உள்ள தொட்டியில் அந்த ஆறும் ஒரு கான்விக்ட் சிக்லிட் சோடியும் ஐந்து மாதங்கள் தகராறின்றி இருந்தன. ஒரு நாள் அந்தச் சோடி மண்சட்டிக்குள் முட்டையிட்டது. அன்று மாலைக்குள் தரையின் முக்கால் பங்கு அவற்றின் ஆட்சிக்குள் போய்விட்டது. மற்ற மீன்கள் மேலே ஒதுங்கித் தப்பின. கோரிடோரஸுக்கோ தரையை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. செவுள் மூடியை விரித்தும் உடலைப் பக்கவாட்டில் திருப்பியும் சிக்லிட் விடுக்கும் எச்சரிக்கையை அது பொருட்படுத்துவதே இல்லை. துரத்தப்பட்ட சில நொடிகளிலேயே மணலைக் கிளறியபடி மறுபடியும் அதே சட்டியருகே வந்து நிற்கும். அதையும் முற்றிலும் அப்பாவி என்று சொல்வதற்கில்லை, முட்டை கிடைத்தால் தின்னத்தான் செய்யும். துடுப்புகள் கிழிந்து, கண்கள் புண்ணாகி, ஒரே வாரத்தில் ஆறும் இறந்தன.

இப்போது அதே தொட்டியில் ஏஞ்சல் சிக்லிட் சோடி ஒன்றும் புதிய கோரிடோரஸ் கூட்டமும் உள்ளன. ஏஞ்சல்கள் அகன்ற இலையிலோ ஃபில்டர் குழாயிலோ, செங்குத்தான பரப்பில் முட்டையிடுகின்றன. ஆகவே அவற்றின் காவல் எல்லை பெரும்பாலும் தரையைத் தொடுவதில்லை. இரவில் பிரிசில்நோஸ் கெளுத்தி ஏறி வந்து அந்த முட்டைகளைத் தின்றுவிடுவது வேறு விஷயம். குஞ்சு வேண்டுமென்றால் தனித் தொட்டிதான் வழி.

கோவை உறுப்பினர்:

நான் ஏமாந்தது வாயின் அளவில். இரண்டு அங்குல ஆஸ்கார் சிக்லிட் குஞ்சைக் கோரிடோரஸ்களுடன் விட்டேன். முப்பது சென்டிமீட்டர் வரை வளரும் மீன் அது என்று தெரிந்தும், வளரட்டும், பிறகு பிரித்துக்கொள்ளலாம் என்று நாளைக் கடத்தினேன். கெளுத்தி முள் குத்தினால் என்ன ஆகும் என்று குளத்தில் மீன் பிடித்தவர்கள் அறிவார்கள். கோரிடோரஸும் அச்சமுற்றால் முதுகு முள்ளையும் பக்கத் துடுப்பு முட்களையும் விறைப்பாக நிமிர்த்திப் பூட்டிக்கொள்ளும். ஒரு காலையில் ஆஸ்காரின் தொண்டையில் ஒன்று அப்படியே சிக்கி நின்றது. பின்னோக்கி இழுத்தால் முள் மேலும் ஆழமாகக் குத்தும் என்பதால், ஈரத்துணியில் ஆஸ்காரைப் பிடித்துக்கொண்டு, சிறு கத்தரியால் முட்களை நறுக்கித்தான் வெளியே எடுத்தேன். கோரிடோரஸ் பிழைக்கவில்லை, ஆஸ்கார் பல நாட்கள் இரை எடுக்கவில்லை.

அதன் பிறகு ஆஸ்காருக்குத் துணையாக, வாய்க்குள் அடங்காத அளவுக்கு வளர்ந்த பிளெக்கோ கெளுத்தியை விட்டேன். கடைகளில் 'சக்கர்' என்ற பெயரில் விரல் நீளத்தில் விற்கப்படும் இந்த மீன் நாற்பது சென்டிமீட்டரைத் தாண்டக்கூடியது, தொட்டியைச் சுத்தம் செய்வதைவிட அதிகமாக அசுத்தமும் செய்யும். டிஸ்கஸ் சிக்லிட் வளர்ப்பவர்கள் இதைத் தவிர்ப்பது நல்லது. டிஸ்கஸின் தட்டையான உடலில் ஒட்டிக்கொண்டு மேல் வழுவழுப்பைச் சுரண்டித் தின்னும் பழக்கம் சில சக்கர்களுக்கு உண்டு.

சென்னையிலிருந்து மற்றோர் உறுப்பினர்:

எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது. அதை மென்னீராக்கப் போராடுவதைவிட அந்த நீரை விரும்பும் மீன்களை வளர்ப்பது எளிது என்று மலாவி ஏரிச் சிக்லிட்களுக்கு மாறினேன். கோரிடோரஸ் இவற்றுக்குத் துணை ஆகாது. ஆப்பிரிக்க ஏரிகளில் வாழும் சினோடோன்டிஸ் கெளுத்தி பொருந்தும். உறுதியான உடல், அதே கடின நீர் மீது விருப்பம், பகலில் பாறை இடுக்கில் உறக்கம் என்று எல்லாம் ஒத்துப்போகின்றன. உணவில்தான் கவனம் தேவை. பாசி மேயும் மலாவி மீன்களுக்குப் புரதம் மிகுந்த இரை வயிற்று உப்புசத்தைத் தரக்கூடும் என்பதால், கெளுத்திக்கான மூழ்கும் இரையை விளக்கை அணைத்துச் சிறிது நேரம் கழித்தே போடுகிறேன்.

நான் வாங்கியது டாங்கனிக்கா ஏரியைச் சேர்ந்த மல்டிபங்டேட்டஸ் வகை. வாயில் முட்டை சுமந்த பெண் சிக்லிட் ஒன்றைப் பிடித்து, குஞ்சுகளை எடுப்பதற்காக மெல்ல வாயைத் திறந்தபோது, உள்ளேயிருந்து மீசையோடு கெளுத்திக் குஞ்சுகள் வந்தன! காக்கைக் கூட்டில் குயில் முட்டையிடுவதைப் போல, சிக்லிட் முட்டையிடும் வேளையில் இக்கெளுத்திகள் நடுவே புகுந்து தம் முட்டைகளைச் சிந்துகின்றன. தாய் அவற்றையும் சேர்த்து வாயில் அள்ளிக்கொள்கிறது. முன்னதாகப் பொரியும் கெளுத்திக் குஞ்சுகள், வாய்க்குள்ளேயே சிக்லிட் குஞ்சுகளைத் தின்று வளர்கின்றன. குஞ்சு எடுப்பதே நோக்கம் என்றால் இந்த வகையை மட்டும் வாங்காதீர்கள். எனக்கு அது நோக்கமல்ல என்பதால் இன்னும் வைத்திருக்கிறேன்.

கோவை உறுப்பினர்:

எங்களுக்குக் கிடைக்கும் சிறுவாணி நீர் மென்மையானது; அதனால் இப்போது ரேம் சிக்லிட்களை வைத்திருக்கிறேன். அவையும் தரையில், தட்டைக் கல்லில்தான் முட்டையிடுகின்றன. ஆனால் ஐந்து சென்டிமீட்டர் மீன் விரட்டும் எல்லை ஒரு சாண், இரண்டு சாண்தான். ரேமுக்கு 28 பாகை வெப்பம் வேண்டும் என்பதால், அந்தச் சூட்டைத் தாங்கும் ஸ்டெர்பாய் கோரிடோரஸ்களைத் துணைக்கு விட்டிருக்கிறேன்.