மறு: எபிஜெனிடிக்ஸ் - தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம். டி.என்.ஏ.வின் எழுத்து மாறாமலேயே மரபணுக்கள் அடங்குவதையும் திறப்பதையும் ஆராயும் துறைதான் எபிஜெனிடிக்ஸ். அதற்கான தமிழ்ச்சொல் பற்றி இங்கே வந்த கேள்விகளுக்கு என் பதில்.

> 'மேல்மரபியல்' பொருந்துகிறதே. எபி என்றால் மேல்தானே?

கிரேக்க வேரின்படி சரிதான் ஐயா. 1942-இல் உயிரியலாளர் வாடிங்டன் பெயர் வைத்ததும் அந்த வேரிலிருந்துதான். ஆனால் மேற்படிப்பு, மேல்முறையீடு எல்லாம் பழகிய காதுக்கு இது 'உயர்நிலை மரபியல்' என்றே கேட்கிறது. அதைவிட எனக்கு உறுத்துவது 'மரபு'.

மூளைக் கட்டிகளில், டி.என்.ஏ. சேதத்தைச் சரிசெய்ய உதவும் எம்.ஜி.எம்.டி. என்ற மரபணுவை ஆராய்வது என் வேலை. போன மாதம் மாதிரி வாங்கப் போனபோது, நோயாளியின் மகளிடம் 'மேல்மரபியல் சோதனை' என்று சொல்லி ஒப்புதல் படிவத்தை நீட்டினேன். கையெழுத்துப் போட வந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அப்போ அம்மாகிட்டருந்து எனக்கும் வருமா?" நாங்கள் தேடுவதோ பரம்பரையாக வந்ததை அல்ல, கட்டிக்குள் பின்னாளில் ஏறியதை. ஒரு சொல் அவரை அப்படிக் கலங்கடித்திருக்கக் கூடாது.

> புள்ளி வைத்தால் 'அ' அடங்குகிறதே, அதை வைத்துச் சொல் ஆக்கலாமா?

இதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். 'க' தலையில் புள்ளி ஏறினால் வடிவம் அதேதான், உள்ளிருக்கும் உயிர் மட்டும் ஒலிக்காது. டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் ஒன்றான சைட்டோசின் மேல் மெத்தைல் என்ற சிறு வேதிக்குழு ஒட்டுவதும் அப்படியே. ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன், அவ்வளவுதான். மரபணுவின் தொடக்கப் பகுதியில் இவை நெருக்கமாக ஒட்டினால் எழுத்து மாறாமலேயே மரபணு அடங்கிப்போகும். எம்.ஜி.எம்.டி. அடங்கினால், மூளைக் கட்டிக்குத் தரும் டெமோசோலோமைடு மருந்து செய்யும் சேதத்தைப் புற்றுச் செல் எளிதில் சரிசெய்துகொள்ள முடியாது, நோயாளிக்கு நல்லது. வேறு சில புற்றுகளில், புற்றை அடக்கிவைக்கும் மரபணுவே அடங்கிவிடுகிறது.

ஆனால் 'புள்ளியியல்' வேறு துறைக்குப் போய்விட்டது. தவிர, டி.என்.ஏ. சுற்றிக்கொண்டிருக்கும் ஹிஸ்டோன் புரதத்தில் அசெட்டைல் என்ற இன்னொரு வேதிக்குழு ஒட்டினால் மரபணு திறந்துகொள்ளும். புள்ளிக்கு அடக்கத்தான் தெரியும்.

என் பரிந்துரை: ஒட்டுக்குறி. துறைக்கு ஒட்டுக்குறியியல். மெத்தைலுக்கும் அசெட்டைலுக்கும் பொருந்தும். ஒட்டியதைப் பிரிக்கலாம், ஒட்டாமலும் தடுக்கலாம் என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. எலும்பு மஜ்ஜை நோய்க்கு 2004-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற அசாசைட்டிடின் மெத்தைல் ஒட்டுவதைத் தடுப்பதுதான். அதை 'ஒட்டுத்தடுப்பு மருந்து' எனலாம்.

மரபியலோடு தொடர்பு அறுந்துவிடுமே என்றால், பாடநூலில் 'மரபணு ஒட்டுக்குறியியல்' என்று விரித்து எழுதலாம். நோயாளியிடம் 'ஒட்டுக்குறிச் சோதனை' போதும்.

அடுத்த வாரம் படிவத்தைத் திருத்துகிறோம். அதற்குள், அறிவியல் படிக்காத ஒருவரிடம் வீட்டில் இந்தச் சொல்லைச் சொல்லிப் பாருங்கள். அவருக்கு முதலில் என்ன தோன்றியது என்று எழுதுங்கள்.