முதல் முழு மாரத்தானுக்கு ஐந்து வாரங்களே உள்ளன: தண்ணீர், வேகம், மீதமுள்ள பயிற்சி

அடையாற்றங்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். வரும் ஜனவரியில் நடைபெறும் சென்னை மாரத்தானில் முதன்முறையாக முழுத் தொலைவுக்கு, அதாவது 42.195 கிலோமீட்டருக்கு, பெயர் கொடுத்திருக்கிறேன். வயது 41, எடை 54 கிலோ. அலுவலக வேலைக்கு நடுவே வாரத்துக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் ஓடி வருகிறேன். அரை மாரத்தானை 2 மணி 10 நிமிடத்தில் முடித்திருப்பதால், இணையத்திலுள்ள கணிப்பான் முழு மாரத்தானுக்கு 4 மணி 31 நிமிடம் என்று காட்டுகிறது. எனவே நான்கரை மணி நேரத்தை இலக்காகக் கொண்டு, கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 24 விநாடி என்ற வேகத்தில் ஓட எண்ணியுள்ளேன்.

என் ஐயம் வேறொன்றைப் பற்றியது. சென்ற ஞாயிறன்று 26 கிலோமீட்டர் ஓடியபோது, வியர்வை மிகுதியாக வெளியேறுமே என்று தாகத்துக்குக் காத்திராமல் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் தண்ணீர் குடித்தேன். அப்படியிருந்தும் இறுதியில் தலைவலியும் குமட்டலும் வந்தன. விரல்கள் வீங்கி மோதிரத்தைக் கழற்ற முடியவில்லை. வீட்டுக்கு வந்து எடை பார்த்தால், புறப்பட்டபோது இருந்ததைவிட முக்கால் கிலோ கூடியிருந்தது. இது நீர்ச்சத்துக் குறைவுதானா? பந்தயத்தன்று இன்னும் கூடுதலாகக் குடிக்க வேண்டுமா? அதற்கு முன் ஒருமுறை முழுத் தொலைவையும் ஓடிப் பார்த்துவிடுவது நல்லதா?

முகாம் மருத்துவர்

தண்ணீரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் உங்கள் கேள்வியில் அவசரமானது அதுதான். தயவுசெய்து கூடுதலாகக் குடிக்காதீர்கள். மூன்று மணி நேரம் ஓடிய உடலின் எடை சிறிது குறைந்திருக்க வேண்டும். கூடியிருக்கிறது என்றால், வியர்வையாக வெளியேறியதைவிட அதிகமான நீர் உள்ளே சென்றிருக்கிறது என்பதைத் தவிர அதற்கு வேறு விளக்கம் அரிது. எடை கூடுதல், விரல் வீக்கம், தலைவலி, குமட்டல் ஆகிய நான்கும் சேர்ந்து வரும்போது, இரத்தத்தில் சோடியத்தின் அளவு குறைந்திருக்குமோ என்றுதான் நாங்கள் முதலில் ஐயப்படுவோம்.

சாதாரண நாட்களில் நாம் சற்று அதிகமாகக் குடித்தாலும் மிகுதியைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். நெடுநேரம் ஓடும்போதோ, உடல் நீரைத் தக்கவைக்கும் ஹார்மோனைச் சுரந்துகொண்டே இருப்பதால் அந்த வாய்ப்பு அடைபட்டுப்போகிறது. உள்ளே தங்கும் நீர் இரத்தத்தின் சோடியத்தை நீர்க்கச் செய்து, மூளைத் திசுக்களில் புகுந்து வீக்கத்தை உண்டாக்குகிறது. 2002-ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில், முடிவுக்கோட்டில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்த ஆய்வு 2005-இல் வெளியானது. அவர்களில் 13 சதவீதத்தினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. மூவருக்கு உயிருக்கே ஆபத்தான அளவுக்கு இறங்கியிருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்கள், நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டவர்கள், மிக மெலிந்தவர்கள் அல்லது மிகப் பருத்தவர்கள் ஆகியோரிடமே இது அதிகம் காணப்பட்டது. விரைந்து ஓடுபவருக்குக் குடிக்க நேரமில்லை. மெதுவாக ஓடுபவருக்கு ஒவ்வொரு தண்ணீர்ப் பந்தலிலும் நின்று குடிக்க நேரமிருக்கிறது. உங்கள் எடையும் எதிர்பார்க்கும் நேரமும் உங்களை இந்தப் பட்டியலுக்கு அருகில் கொண்டுவருகின்றன.

ஆகவே தாகம் எடுத்தால் குடியுங்கள், இல்லையென்றால் பந்தலைக் கடந்து செல்லுங்கள். அடுத்த நீண்ட ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை குறைந்திருந்தால் அது இயல்பானதே. பேச்சில் தடுமாற்றமோ மனக் குழப்பமோ தொடர் வாந்தியோ ஏற்பட்டால் தண்ணீர் கொடுக்காமல் உடனே மருத்துவ முகாமுக்கு அழைத்துச் செல்லும்படி உடன் ஓடுபவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பந்தயத்துக்கு முன் உங்கள் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிக்கொள்வதும் நல்லது.

நேப்பியர் முதல் ஈசிஆர் வரை

மருத்துவர் சொன்னதற்கு மேல் தண்ணீரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வேகத்துக்கும் பயிற்சிக்கும் வருகிறேன்.

கணிப்பான்கள் பெரும்பாலும் பீட்டர் ரீகல் என்பவர் வகுத்த சூத்திரத்தைக் கொண்டு இயங்குகின்றன. அரை மாரத்தான் வரை அது ஓரளவு சரியாகவே கணிக்கிறது. முழு மாரத்தானில், பாதிப் பேருக்குப் பத்து நிமிடமோ அதற்கு மேலோ குறைத்துக் காட்டுகிறது என்று பொழுதுபோக்காக ஓடுபவர்களைக் கொண்டு செய்யப்பட்டு 2016-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. வாரம் 40 கிலோமீட்டர் ஓடும் ஒருவர் அந்தப் பாதியில் இருப்பார் என்று கொள்வதே விவேகம்.

சென்னையின் வெயிலைக் கணிப்பான் அறியாது. நேப்பியர் பாலத்திலிருந்து அதிகாலை 4 மணிக்குப் புறப்படுகிறீர்கள். ஜனவரியில் இங்கு 6.30 மணிக்குச் சற்றுப் பின்னரே சூரியன் உதிக்கிறது. நீங்கள் குறித்துள்ள வேகத்தில் 23, 24 கிலோமீட்டர் இருட்டிலேயே முடிந்துவிடும்; மீதமுள்ள 18 கிலோமீட்டரும் வெயிலில். தசைகளில் எரிபொருளாகச் சேர்ந்துள்ள மாவுச்சத்தான கிளைகோஜன் தீரத் தொடங்கும் 30-ஆவது கிலோமீட்டரும், வெயில் முதுகில் ஏறும் நேரமும் ஒன்றாக வந்து சேருகின்றன. கடற்கரைக் காற்றின் ஈரப்பதத்தில் வியர்வை உலராமல் வழிந்தோடுவதால், மார்கழிக் குளிரை நம்பி ஓடுபவரின் உடலும் எதிர்பார்த்ததைவிடச் சூடேறிவிடுகிறது. முதல் 25 கிலோமீட்டரில், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 6 நிமிடம் 50 விநாடியாவது எடுத்துக்கொண்டு மெதுவாக ஓடுங்கள். அதன்பின் கால்களில் தெம்பிருந்தால் வேகத்தைக் கூட்டிக்கொள்ளலாம். 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் கேலவே, தொடக்கத்திலிருந்தே ஓட்டத்துக்கு இடையிடையே சிறிது நடக்கும் முறையைப் பரப்பியவர். நம் ஊரில் நடப்பதைத் தோல்வியாகப் பார்ப்பவர்கள் பலர். 35-ஆவது கிலோமீட்டரில் அவர்களில் பெரும்பாலோர் நடந்துகொண்டுதான் இருப்பார்கள்.

முழுத் தொலைவையும் முன்னதாக ஓடிப் பார்க்க வேண்டாம். அதிலிருந்து மீளவே இரண்டு, மூன்று வாரங்கள் ஆகும். உங்களிடம் இருப்பதோ ஐந்து. இந்த ஞாயிறன்று 28, பந்தயத்துக்கு மூன்று வாரங்களுக்கு முன் 30 முதல் 32 கிலோமீட்டர், அத்துடன் நிறுத்திக்கொள்ளுங்கள். கடைசி இரண்டு வாரங்களில் மொத்தத் தொலைவைப் பாதியாகக் குறைத்து, வேகத்தையும் ஓடும் நாட்களையும் அப்படியே வைத்திருங்கள். அந்நாட்களில் ஓடாமலிருப்பதே குற்றம்போலத் தோன்றும், பொருட்படுத்த வேண்டாம்.

அடையாற்றங்கரை

இருவருக்கும் மிக்க நன்றி. மருத்துவரை நாளையே பார்க்கிறேன். தண்ணீருக்குப் பதிலாக ஓஆர்எஸ் கரைசலைக் குடித்தால் சோடியமும் சக்தியும் ஒருங்கே கிடைத்துவிடாதா? முழங்கால் வலிக்கு முன்னெச்சரிக்கையாக, புறப்படும் முன் ஒரு வலி மாத்திரை போட்டுக்கொள்ளலாமா என்றும் அறிய விரும்புகிறேன்.

முகாம் மருத்துவர்

இரண்டும் ஒன்றோடொன்று தொடர்புள்ள கேள்விகள். உலக சுகாதார நிறுவனம் வகுத்த ஓஆர்எஸ் கரைசலில் லிட்டருக்கு 75 மில்லிமோல் சோடியம் உள்ளது. இரத்தத்திலோ 135 முதல் 145 வரை. எனவே கரைசலையும் தாகத்துக்கு மிஞ்சிக் குடித்தால் இரத்தம் நீர்க்கவே செய்யும். வெறும் தண்ணீரைவிடச் சற்றுத் தாமதமாகும், அவ்வளவுதான். சக்தியைப் பொறுத்தவரை, அந்த ஒரு லிட்டரில் இருக்கும் குளுக்கோஸ் 13.5 கிராம் மட்டுமே. ஓடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் உங்களுக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து வேண்டும் என்பதால், அதை ஓட்டக்காரர்கள் உண்ணும் சக்தி ஜெல், பேரீச்சை, வாழைப்பழம் ஆகியவற்றிலிருந்து பெறுங்கள். எதை உண்பதானாலும் வரும் நீண்ட ஓட்டங்களிலேயே வயிற்றைப் பழக்கிவிடுங்கள். கடைகளில் அட்டைப்பெட்டியில் விற்கும் இனிப்பு பானங்களை ஓஆர்எஸ் என்று நம்பி வாங்க வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் சேர்மானம் இல்லாத பானங்களுக்கு அந்தப் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது.

வலி மாத்திரை கூடவே கூடாது. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்தத்தைக் குறைப்பதோடு, மிகுதி நீரை வெளியேற்றும் அதன் திறனையும் மேலும் தடுக்கின்றன. சென்ற ஞாயிறு உங்களுக்கு நேர்ந்ததற்கு மேல் அதுவும் சேர்ந்தால் விளைவு கடுமையாகலாம். மாத்திரை இல்லாமல் ஓட முடியாத அளவுக்கு முழங்கால் வலித்தால், 32 கிலோமீட்டர் ஓடுவதற்கு முன்பே எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.