'வாட்ச்': யாமமா, காவலா, முறையா?

நண்பர்களுக்கு வணக்கம்.

இந்த இழையைத் தொடங்கியது நான்தான். "கப்பலில் வாட்ச் என்பதற்குத் தமிழ் என்ன?" என்று ஒரே வரியில் கேட்டது என் தவறு. அதனால்தான் முதல் இரண்டு மடல்களும் கைக்கடிகாரத்தைப் பற்றி வந்தன. இப்போது விவரமாகவே சொல்கிறேன்.

ஓர் இதழுக்காக, பாய்மரப் படகில் உலகைச் சுற்றும் ஓஷன் ரேஸ் போட்டியைப் பற்றிய கட்டுரையைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். 1973இல் விட்பிரெட் என்ற பெயரில் தொடங்கியது. பிறகு வோல்வோ பெயரில் நடந்தது. நமக்குப் பக்கத்தில் அது வந்தது 2008 டிசம்பரில், கொச்சிக்கு. நான் எழுதுவது 2017-18 போட்டியைப் பற்றி. ஸ்பெயினின் அலிகாண்டேயில் அக்டோபரில் கிளம்பிய ஏழு படகுகள், சுமார் 45,000 கடல் மைல் ஓடி ஜூனில் நெதர்லாந்தின் ஹேக் நகருக்கு வந்து சேர்ந்தன. ஏறத்தாழ 65 அடிப் படகு ஒவ்வொன்றிலும் எட்டு ஒன்பது பேர். அவர்களோடு ஒரு செய்தியாளரும் உண்டு. அவர் சமைக்கலாம், கூட்டிப் பெருக்கலாம், படம் எடுக்கலாம். படகை ஓட்டுவதற்காக ஒரு கயிற்றைக்கூடத் தொடக்கூடாது.

இவர்களுடைய நாளில் காலை, மாலை எல்லாம் பெயருக்குத்தான். நாள் முழுக்க 'வாட்ச்' கணக்கில் ஓடுகிறது. நான்கு மணி நேரம் மேல்தளத்தில் வேலை, நான்கு மணி நேரம் கீழே. மறுபடி மேலே, மறுபடி கீழே. மூன்று வாரம் கடலில் இருந்தால் மூன்று வாரமும் இப்படித்தான். எல்லோரும் ஒரே நேரத்தில் மாறுவதில்லை. பாதிப் பேர் மாறுவார்கள், இரண்டு மணி நேரம் கழித்து மீதிப் பேர். அப்போதுதான் காற்றின் போக்கு தெரிந்த ஒருவராவது எப்போதும் மேலே இருப்பார். ஆக, இந்த ஒரு சொல் தவறினால் கட்டுரையே தடுமாறும். ஆன் வாட்ச், ஆஃப் வாட்ச், ஸ்டாண்ட்பை, வாட்ச் கேப்டன், ஹாட் பங்க் என்று பின்னால் ஒரு குடும்பமே நிற்கிறது.

இனி வந்த பரிந்துரைகள்.

> யாமம் என்று நேராகச் சொல்லலாமே. மூன்று மணி, நான்கு மணி, பெரிய வித்தியாசமா?

வித்தியாசம் மணிக்கணக்கில் இல்லை ஐயா. யாமம் ஏழரை நாழிகை, அதாவது 3 மணி நேரம் என்பதை வேண்டுமானால் தளர்த்திக்கொள்ளலாம். ஆனால் யாமம், சாமம் என்றாலே நம் காதில் விழுவது இரவு. நடுச்சாமம், சாமக்கோழி, சாமப்பூசை. மொட்டை வெயிலில் கயிறு இழுப்பவரை 'சாமத்தில் இருக்கிறார்' என்று எழுதினால் வாசகர் என்ன நினைப்பார்? இன்னொன்று, இந்தப் படகுகளில் பொழுதே ஒழுங்காக இல்லை. ஆக்லாந்திலிருந்து பிரேசிலின் இட்டஜாய் வரை ஒரே ஓட்டமாக 7,600 கடல் மைல். கிழக்கே போகப் போக உள்ளூர் நேரம் நழுவிக்கொண்டே இருக்கும். நடுவில் தேதிக்கோடு வேறு. அதனால் படகுக் கடிகாரத்தை உலகப் பொது நேரத்திலேயே வைத்துவிடுகிறார்கள். கடிகாரம் நள்ளிரவு காட்டும், வெளியே வெயில் அடிக்கும். யாமம் சூரியனோடு ஒட்டிய சொல். இங்கே அது ஒட்டாது.

யாமத்தை முன்மொழிந்தவருக்கு ஒரு கொசுறுச் செய்தி. பழைய ஐரோப்பியப் பாய்க்கப்பல்களில் நான்கு மணிக் கூறு ஒரு நாளைக்கு ஆறு. ஆட்கள் இரண்டு குழு. ஆறு இரட்டைப்படை என்பதால் நடுராத்திரி வேலை தினமும் ஒரே குழுவின் தலையில் விழும். அதைத் தவிர்க்க மாலை 4 முதல் 8 வரை உள்ள கூறை இரண்டாக வெட்டி ஏழாக்கினார்கள். ஒற்றைப்படை ஆனதும் குழுக்கள் தாமாகவே இடம் மாறின. நம் யாமம் நாளுக்கு எட்டு, அதுவும் இரட்டைப்படை. யாமக் கணக்கில் இரண்டு குழு வைத்திருந்தால் நம்மவர்களும் எங்கேயோ ஒன்றை வெட்டியிருக்க வேண்டியதுதான்.

> காவல்தான் பொருத்தம். கண்காணிப்பதுதானே வேலை?

சரக்குக் கப்பலுக்கு மறுப்பே இல்லை. அங்கே நான்கு மணி வேலை, எட்டு மணி இடைவெளி. மேலே நின்று கடலையும் ரேடாரையும் பார்ப்பவர் செய்வது காவல்தான். பந்தயப் படகில் அப்படி இல்லை. ஒருவர் சுக்கான் பிடிக்கிறார். ஒருவர் பெரிய பாயின் கயிற்றை ஓயாமல் இறுக்கித் தளர்த்திக்கொண்டே இருக்கிறார். இன்னொருவர் இரண்டு கைப்பிடி வைத்த சுழல்பொறியை மூச்சு வாங்கச் சுற்றுகிறார். தீயணைப்புக் குழாயைத் திருப்பியது போலத் தண்ணீர் முகத்தில் அடிக்கிறது. இதைக் 'காவல்' என்றால் பாவம், சுற்றுபவர் கோபித்துக்கொள்வார்.

தனியாள் போட்டிக்குக் காவலை வைத்துக்கொள்ளலாம். கோல்டன் குளோப் போட்டியில் 2023 ஏப்ரலில் இரண்டாவதாக வந்த நம் முன்னாள் கடற்படை வீரர் அபிலாஷ் டோமியிடம் 'உங்கள் வாட்ச் எப்போது?' என்று கேட்க முடியாது. எல்லா நேரமும் அவருடையதுதான். அப்படிப்பட்டவர்கள் இருபது நிமிடம், அரை மணி என்று விட்டுவிட்டுத் தூங்குகிறார்கள். அதற்கு ஒரு நண்பர் 'பல்கட்ட உறக்கம்' என்று எழுதியிருந்தார். கோழித்தூக்கம் என்று அழகான சொல் இருக்கும்போது கட்டம் கட்டமாக எதற்கு?

> ஷிப்ட் என்றே விட்டுவிடுங்கள். பஞ்சாலைக்காரர் முதல் கணினிக்காரர் வரை எல்லோருக்கும் புரியும்.

புரியும், மறுக்கவில்லை. ஆனால் ஷிப்ட் முடிந்தால் வீட்டுக்குப் போகலாம். அந்த இடத்தில்தான் எனக்கு உறுத்தியது. நடந்த உண்மையைச் சொல்கிறேன்: என் முதல் வரைவில் ஆஃப் வாட்ச் என்பதை 'ஓய்வு நேரம்' என்றுதான் எழுதியிருந்தேன். அடுத்த பத்தியிலேயே ஓய்வில் இருப்பவர்களைத் தட்டி எழுப்புகிறார்கள். படகைக் காற்றின் மறுபக்கத்துக்குத் திருப்ப வேண்டுமா, முன்பாயை மாற்ற வேண்டுமா, எல்லோரும் எழ வேண்டும். இப்படி ஒரே இரவில் மூன்று நான்கு தடவைகூட நடக்கும். பிறகு அது என்ன ஓய்வு?

அப்போதுதான் எங்கள் ஊர் ஏரிப்பாசனம் நினைவுக்கு வந்தது. 'இன்றைக்கு எங்கள் முறை' என்பார் அப்பா. முறை ராத்திரி இரண்டு மணிக்கு வந்தாலும் மண்வெட்டியோடு போய்த்தான் ஆக வேண்டும். அடுத்தவர் வந்து நின்றால்தான் நாம் வயலை விட்டுக் கிளம்பலாம். ஆனால் கரை உடைந்துவிட்டது என்று சத்தம் வந்தால் முறை பார்க்க மாட்டார்கள், ஊரே ஓடும். வாட்ச் என்பதும் அச்சாக இதுதான். கோயிலில் பூசை முறைக்காரர் என்று சொல்வதிலும் இதே பொருள்தான் இருக்கிறது. எனவே என் முன்மொழிவு: முறை.

யாழ்ப்பாணத்து அக்கா உடனே கேட்பார்: "ஒரு முறை, இரண்டு முறை என்பதோடு குழம்பாதோ?" குழம்பும், அக்கா. மேலே ஓரிடத்தில் நானே 'முறை' என்று எழுதப் போய், அடித்துவிட்டுத் 'தடவை' என்று மாற்றியிருக்கிறேன். கட்டுரை முழுக்க எண்ணிக்கைக்குத் தடவை, பணிக்கு முறை என்று வைத்துக்கொள்ளப் போகிறேன்.

சரி, குடும்பத்துக்கு வருவோம். ஆன் வாட்ச் மேல்முறை, ஆஃப் வாட்ச் கீழ்முறை. மேல்முறை என்றால் உயர்நீதிமன்றம் நினைவுக்கு வருகிறது என்று வீட்டிலேயே சிரித்துவிட்டார்கள். இருக்கட்டும். இவர்கள் நிஜமாகவே மேலே ஏறுகிறார்கள், கீழே இறங்குகிறார்கள். சொல் அதைக் காட்டுகிறது. கீழ்முறை என்பதில் 'ஓய்வு' என்ற பொய்யும் இல்லை.

கீழே என்னதான் நடக்கிறது? நனைந்த உடுப்பைக் கழற்றவே கால் மணி நேரம், படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து குதித்துக்கொண்டிருப்பதால். கடல்நீரிலிருந்து உப்பை நீக்கும் கருவி தரும் தண்ணீரைக் கொதிக்க வைத்து, உறையவைத்து உலர்த்திய சோற்றுப் பொட்டலத்தில் ஊற்றி, கிண்ணத்தில் போட்டுக் கரண்டியால் சாப்பிடுகிறார்கள். ருசி பற்றி யாரும் பேசுவதில்லை. பிறகு குழாய்ச் சட்டத்தில் துணி கட்டிய படுக்கை. சாய்வுக்கு ஏற்ப அதைக் கயிறு போட்டு உயர்த்தித் தாழ்த்தலாம். கால்களைப் படகின் முன்பக்கம் நீட்டித்தான் படுப்பார்கள். படகு அலையில் முட்டித் திடீரென்று நின்றால் தலை மோதாமல் இருக்க. திரும்ப உடுத்திக்கொள்ள நேரம் வேண்டும் என்பதால் முறை மாறுவதற்கு முன்னதாகவே எழுப்பிவிடுவார்கள். நான்கு மணியில் தூக்கம் மூன்று மணி கிடைத்தால் அதிர்ஷ்டம்.

எழுந்தவரின் சூடு ஆறுவதற்குள் அதே படுக்கையில் அடுத்தவர் விழுவார். இதுதான் ஹாட் பங்க். 'சூட்டுப் படுக்கை' என்று வந்த பரிந்துரையைப் படித்தால் காய்ச்சல்காரர் நினைவுதான் வருகிறது. முறைப்படுக்கை போதும். வாட்ச் கேப்டன் முறைத்தலைவர். ஒரு சங்கடம் உண்டு: படகின் கேப்டனும் வழி கணிப்பவரும் எந்த வாட்ச்சிலும் சேராதவர்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம் மற்றப் படகுகள் இருக்குமிடம் பற்றிய தகவல் வரும். அப்போது இருவரும் விழித்திருந்தாக வேண்டும். இவர்களை 'முறையற்றவர்கள்' என்று மட்டும் தயவுசெய்து யாரும் எழுதிவிடாதீர்கள். 'முறைக்கு வெளியே' என்று எழுதுகிறேன்.

படகு திரும்பும்போதெல்லாம் செய்யும் இன்னொரு வேலை ஸ்டாக்கிங். ஈரப் பாய்கள், உணவுப் பைகள், கருவிப் பெட்டிகள், எல்லாவற்றையும் காற்று மோதும் பக்கத்துக்கு இழுத்துப் போடுவார்கள். எடை அந்தப் பக்கம் இருந்தால்தான் சாய்வு குறைந்து வேகம் கூடும். 'அடுக்குதல்' என்று மூன்று பேர் எழுதியிருந்தீர்கள். அடுக்குவது இதில் பாதிதான். மாட்டுவண்டிக்காரர்கள் முன்பாரம், பின்பாரம் என்பார்கள். வண்டி நேராக நிற்கச் சுமையை நகர்த்துவார்கள். அதையே எடுத்துக்கொண்டு 'பாரம் மாற்றுதல்' என்கிறேன்.

ஸ்டாண்ட்பைக்கு மட்டும் எனக்கு எதுவும் பிடிக்கவில்லை. கீழேதான் இருக்கிறார், ஆனால் முழு உடுப்போடு, கூப்பிட்டதும் ஏறத் தயாராக. 'தயார்முறை' சமையல் குறிப்பு மாதிரி இருக்கிறது. 'காத்திருப்பு' ரயில்வே. ஞாயிற்றுக்கிழமை கட்டுரையைக் கொடுக்க வேண்டும். யாருக்காவது தோன்றினால் அதற்குள் எழுதுங்கள்.

பி.கு.: கப்பல் கழிப்பறைக்கு ஆங்கிலத்தில் 'ஹெட்' என்று பெயர், முற்காலத்தில் அது கப்பலின் முன்தலையில் இருந்ததால் வந்தது. மொழிபெயர்ப்பு மென்பொருளில் அந்தப் பத்தியைப் போட்டுப் பார்த்தேன். 'மூன்றாம் நாள் தலை அடைத்துக்கொண்டது, செய்தியாளர் சுத்தம் செய்தார்' என்று வந்தது. கழிப்பறை என்றே வைத்துவிட்டேன்.