கால்வாய் முடியும் இடத்தில் படகைத் திருப்பிய கதை

இங்கிலாந்தின் ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் நகரில் பிரியும் கால்டன் கால்வாய், ஏறக்குறைய 17 மைல் ஓடி, 17 லாக்குகளை (படகை ஏற்றி இறக்கும் மதகுத் தொட்டிகளை) தாண்டி, ஃப்ராகால் என்ற சிற்றூரில் முடிகிறது. முட்டுச்சந்துதான், வந்த வழியே திரும்ப வேண்டும். எங்கள் படகு 57 அடி நீளம், ஏழடிக்கும் சற்றுக் குறைந்த அகலம். இரவில் எங்கே கட்டுவது என்று வரைபடத்தைத் துருவித் துருவிப் பார்த்த நான், எங்கே திருப்புவது என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

கான்சல் ஃபோர்ஜ் வரை ஒரு குறையும் இல்லை. அங்கே வரும் முன் ஏறக்குறைய ஒரு மைல் தூரம் கால்வாயும் சர்னெட் ஆறும் ஒன்றாகவே ஓடுகின்றன. பிறகு ஆறு பிரிந்துவிட, பழைய ரயில் பாதை ஒன்று கரையோடு ஒட்டிக்கொள்கிறது. ரயில் நிலையத்தின் காத்திருப்பு அறை தண்ணீருக்கு மேலேயே நீட்டிக்கொண்டிருக்கிறது. அடியில் போகும்போது தலை தானாகத் தாழ்கிறது. அதைத் தாண்டியதும் கால்வாய் ஒடுங்குகிறது. எதிரே ஒரு படகு வந்தால் யாராவது ஒருவர் பின்வாங்கியே ஆக வேண்டும். என் மனைவி முன்னால் நடந்துபோய், வளைவுக்கு அப்பால் யாரும் இல்லை என்று கையசைத்த பிறகுதான் நகர்ந்தோம்.

கடைசி லாக்கின் பக்கத்தில், வரப்போகும் சுரங்க வளைவின் அளவைக் காட்டும் சட்டகம் இருக்கிறது. ஃப்ராகால் சுரங்கம் 76 கஜம்தான், ஆனால் கூரை மிகத் தாழ்வு. எங்கள் படகின் மேல்விளிம்பு அந்தச் சட்டகத்தில் நான்கு விரற்கடை அளவுக்கு இடித்தது, ஆகவே சுரங்கத்துக்குள் போக வழியில்லை. சுரங்கத்துக்கு முன்னால் படகைத் திருப்புவதற்காக ஒரு பக்கக் கரையைக் குடைந்து அகலப்படுத்தியிருக்கிறார்கள். அதை ‘விண்டிங் ஹோல்’ என்கிறார்கள். அந்த முதல் சொல்லைக் காற்று என்ற பொருள் வரும்படியே உச்சரிக்கிறார்கள். காற்றைத் துணைக்கு வைத்துப் படகைத் திருப்பிய காலத்தின் மிச்சம் என்பார்கள். அன்றைக்குக் காற்று எனக்கு எதிராக அடித்தது, அது வேறு விஷயம்.

படகின் மூக்கை அந்தக் குடைவுக்குள் மெல்லக் கொடுத்து, அங்கேயே ஊன்றவிட்டு, பின்பக்கத்தை எஞ்சினால் சுற்றிக் கொண்டுவர வேண்டும். நான் மூக்கைக் கொடுக்கும் முன்பே சுக்கானைத் திருகினேன். பின்பக்கம் சேற்றில் தட்டியது. எஞ்சினை முடுக்க முடுக்க, கறுப்புச் சேறு கொதித்து மேலே வந்ததே தவிரப் படகு அசையவில்லை. கூரையில் கிடந்த நீளக் கழியை எடுத்துக் கரையில் ஊன்றித் தள்ளினேன். கழி சேற்றில் இறங்கி அங்கேயே நின்றது; படகு நகர, நான் கழியின் பக்கமா படகின் பக்கமா என்று முடிவெடுக்க அரை நொடிதான் இருந்தது. படகின் பக்கம் வந்தேன். கழியை எடுக்க இன்னொரு கால் மணி நேரம்.

கட்டியதிலும் ஒரு பாடம். மாட்டை முளையில் கட்டுவது போல், கரையில் இரும்பு முளை அடித்து முன்னும் பின்னும் கயிற்றை விறைப்பாக இழுத்துக் கட்டினேன். விடியற்காலையில் டம்ளர் மேசையில் தானே நகர்ந்து கீழே விழுந்த சத்தத்தில் விழித்தோம். இரவில் நீர்மட்டம் ஒரு சாண் இறங்கியிருந்தது. கயிறு விட்டுக்கொடுக்காததால் படகு கரைப்பக்கம் தூக்கிக்கொண்டு, மறுபக்கம் சாய்ந்து நின்றது. முடிச்சு இரும்பு போல் இறுகியிருந்தது. நகம் போனதுதான் மிச்சம்.

மறுமொழி

நான்கு விரற்கடையா? பாவம் ஐயா நீங்கள். நாங்கள் நுழைந்தோம். புகைக்குழாயைக் கழற்றினோம், கூரையில் இருந்த சைக்கிள், பூந்தொட்டி எல்லாவற்றையும் கீழே இறக்கினோம், தண்ணீர்த் தொட்டியை விளிம்பு வரை நிரப்பினோம். படகு கனத்தால் சற்று அமிழும், அதுதான் கணக்கு. தடிமனான இரண்டு தம்பிகளை முன்னால் உட்கார வைத்தோம். காரணத்தை அவர்களிடம் சொல்லவில்லை. நான் பின்னால் மண்டியிட்டு, கன்னத்தைக் கைப்பிடியில் ஒட்டி வைத்துக்கொண்டு ஓட்டினேன். செங்கல்லில் இருந்து சொட்டிய நீர் கழுத்துக்குள் போனது. அந்தப் பக்கம் பழைய சுண்ணாம்புச் சூளைகளும் அமைதியான குளமும்தான். 1779இல் இந்தக் கால்வாய் திறக்கப்பட்டதே கால்டன் லோ குன்றின் சுண்ணாம்புக் கல்லை ஏற்றிச் செல்லத்தான். அன்றிரவு அங்கே எங்கள் படகு ஒன்றுதான்.

மறுமொழி

எனக்குச் சுரங்கம் வரை போகவே கொடுத்து வைக்கவில்லை. ஆற்றோடு சேரும் இடத்தில் நீர்மட்டப் பலகை இருக்கிறது. பச்சை என்றால் போகலாம், மஞ்சள் என்றால் யோசிக்கலாம், சிவப்பு என்றால் கட்டிப்போட வேண்டும். இரவு மழைக்குப் பிறகு சிவப்பு. இரண்டு நாள் லாக்கின் மேல்பக்கமே கிடந்தோம். இந்தக் கால்வாய்க்கு நிலம் அளக்க வந்த ஜேம்ஸ் பிரிண்ட்லி மழையில் நனைந்து, காய்ச்சல் கண்டு, 1772இல் இறந்துபோனார் என்று சொல்வார்கள். சீட்டாடிக்கொண்டிருந்த எங்களுக்கு அவரைப் பற்றிக் குறை சொல்ல மனம் வரவில்லை.

மூன்றாம் நாள் மஞ்சளுக்கு இறங்கியது. முன்பின் தெரியாத ஒருவர் மட்டும் தன் படகை அவிழ்த்துக்கொண்டு போனார். நாங்கள் போகவில்லை.

மறுமொழி

கயிறு பற்றி எழுதிய ஐயாவுக்கு: அடுத்த முறை முளையை நேராக அடிக்காமல், படகுக்கு எதிர்ப்புறம் தலை சாயும்படி சாய்த்து அடியுங்கள். ஈர மண்ணில் நேராக அடித்த முளையை, வேகமாகக் கடக்கிற ஒரே படகு பிடுங்கிக் கொடுத்துவிடும். கயிற்றில் ஒரு முழமாவது தளர்வு வையுங்கள். முளையின் தலையில் வெள்ளைத் துணி ஒன்றைக் கட்டிவிடுங்கள், இருட்டில் நடப்பவர் தடுக்கி விழ மாட்டார். நான் விழுந்தேன், அதுவும் என் சொந்த முளையில்.

கடைசி மைலைப் படகில் போகும் முன் ஒரு முறை நடந்துபோய்ப் பார்த்துவிடுங்கள். அரை மணி நேரம்தான் ஆகும், கழியும் கையோடு இருக்கும்.