ஃப்ரீட்மன் கணக்குப்படி சவானா மில்லில் துப்பாக்கிக்கு வேலையே இருந்திருக்கக் கூடாது

முத்தியால்பேட்டைக்காரன்:
மஞ்சக்குப்பம் சார் நேற்று மில்டன் ஃப்ரீட்மனுக்காக வாதாட ஆரம்பித்து, நடுவில் நிறுத்திவிட்டுத் தூங்கப் போய்விட்டார். தெரியாதவர்களுக்கு ஒரு வரி: 1976ல் பொருளாதார நோபல் வாங்கிய அமெரிக்கர். 1980ல் மனைவி ரோஸோடு சேர்ந்து எழுதிய புத்தகத்தில், பெரும்பாலான தொழிலாளிகளுக்கு உண்மையான பாதுகாப்பு சங்கமோ அரசாங்கமோ இல்லை, பல முதலாளிகள் இருப்பதுதான் என்கிறார். ஒருத்தன் கசக்கிப் பிழிந்தால் அடுத்தவனிடம் போய்விடலாம், அந்தப் பயத்திலேயே முதலாளி ஒழுங்காக இருப்பானாம்.

பிரெஞ்சுக்காரன் ஆண்ட நம்ம புதுச்சேரியில் போட்டுப் பார்ப்போம். 1936 ஜூலை 30. சவானா மில், அதாவது பின்னாளில் சுதேசி மில். பிரெஞ்சுப் படை சுட்டு 12 தொழிலாளிகள் செத்தார்கள். கேட்டது சங்கம் வைக்க உரிமை, 8 மணி நேர வேலை. கம்யூனிஸ்ட் தலைவர் வ. சுப்பையா தலைமையில் நடந்த அந்தப் போராட்டத்துக்குப் பிறகுதான் 1937 ஏப்ரலில் பிரெஞ்சு அரசு ஆணை போட்டு 8 மணி நேரத்தைச் சட்டமாக்கியது.

அதே நேரம் இருபது சொச்சம் கிலோமீட்டர் தள்ளி உங்கள் கடலூரில் இங்கிலீஷ்காரன் ஆட்சி. 1934ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டப்படி அங்கே நாளைக்கு 10 மணி, வாரத்துக்கு 54 மணி வரை வேலை வாங்கலாம். அதே வெயில், அதே பஞ்சு, பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற அதே சனம். நடுவில் இருந்தது ஒரு எல்லைக்கோடு. அந்த 2 மணி நேரத்தை எந்த முதலாளியின் போட்டி குறைத்தது?

மஞ்சக்குப்பம்:
தம்பி, செத்தவர்களுக்கு என் வணக்கமும் உண்டு. ஆனால் நீங்கள் அடிக்கிற ஆள் ஃப்ரீட்மன் இல்லை. அவர் சொன்னது "பல" முதலாளிகள். புதுச்சேரியில் இருந்தது சவானா, ரோடியர், கெப்ளே என்று மூன்றே பெரிய மில். மூன்று பேர் சேர்ந்து ஒரு வேளை சாப்பிட்டால் ஊருக்கே கூலி நிர்ணயம் முடிந்தது. நெய்த நீலத்துணியும் பிரெஞ்சுக்காரனின் ஆப்பிரிக்கக் காலனிகளுக்குத்தான் போனது. காலனிச் சந்தை, காலனிப் பட்டாளம். இதற்குப் பெயர் சுதந்திரச் சந்தையா?

உண்மையான போட்டிக்கு அமெரிக்கக் கார் முதலாளி ஹென்றி ஃபோர்டைப் பாருங்கள். 1913ல் ஆட்கள் நிற்கவே இல்லை, ஒரு இடத்துக்கு வருடத்தில் மூன்று நான்கு பேரை எடுக்க வேண்டியிருந்தது. 1914 ஜனவரியில் அவரே 5 டாலர் கூலி, 8 மணி நேரம் என்று அறிவித்தார். அங்கே சங்கம் நுழைந்ததே 1941ல்.

உப்பளம்:
எனக்கு ஃப்ரீட்மனும் தெரியாது, ஃபோர்டும் தெரியாது. எங்கள் தாத்தா 1930களில் மில்லில் தறி ஓட்டியவர். எந்த மில் என்பது வேண்டாம். முதல் சங்கு ஊதும் முன்னே பாட்டி தூக்குச்சட்டியில் பழையதை ஊற்றி மூடியிருக்க வேண்டும். இரவு வந்தால் புருவத்தில், காது மடலில் எல்லாம் பஞ்சு. துண்டை உதறி முகம் கழுவாமல் திண்ணையைத் தாண்ட விடமாட்டாளாம்.

ஒரு தடவை மேஸ்திரியோடு சண்டை. நின்றுவிட்டு, மறுநாளே இன்னொரு மில் வாசலில் போய் நின்றார். அங்கே இருந்த கணக்குப்பிள்ளை இவர் பெயரைக் கேட்கவே இல்லை. "மேஸ்திரியைக் கை ஓங்கினவன் நீதானே?" என்றாராம். மனுஷன் நடந்து போவதற்குள் சேதி போய்விட்டது. நாலு மாசம் மீன் கூடை தூக்கினார்.

மஞ்சக்குப்பம்:
ஐயா, இதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. மூன்று மில் என்று நான் சொன்னதும் இதைத்தான்.

ஆனால் நான் 6 வருடம் திருப்பூரில் கட்டிங் மாஸ்டர். அங்கே தெருவுக்குத் தெரு கம்பெனி. பீஸுக்கு 50 பைசா கூட்டித் தருகிறான் என்று தெரிந்தால் டெய்லர் மதியச் சாப்பாட்டோடு மாறிவிடுவார். தீபாவளி போனஸ் வாங்கி ஊருக்குப் போனவன் திரும்பி வருவானா என்று வயிற்றில் புளி கரைக்கிறது முதலாளிக்கு. அதைக் கண்ணால் பார்த்தவன் நான்.

முத்தியால்பேட்டைக்காரன்:
டெய்லருக்கு உண்மைதான், ஒத்துக்கொள்கிறேன். கையில் தொழில் இருக்கிறவன் மாறுவான். அதே மேற்கு மாவட்டங்களில்தான் சார் சுமங்கலித் திட்டமும் இருந்தது. மூன்று வருடம் விடுதியில் அடைத்து, மொத்தப் பணத்தைக் கடைசியில் கல்யாணச் செலவுக்குத் தருகிறேன் என்று நூற்பாலைகள் பெண் பிள்ளைகளை எடுத்தன. நடுவில் நின்றால் பணம் போச்சு. அங்கே முதலாளிக்கா பஞ்சம்? எத்தனையோ மில். நிபந்தனை மட்டும் ஒரே அச்சில் வார்த்தது. கூலியை ஏற்றக் கூடாது என்பதில் முதலாளிகளுக்குள் எப்போதும் ஓசையில்லாத ஒப்பந்தம் உண்டு என்று 1776லேயே ஆடம் ஸ்மித் எழுதிவிட்டார். உங்கள் சுதந்திரச் சந்தைக் கட்சியின் மூல பிதா அவர்!

வில்லியனூர்:
சட்டம், சங்கம், தியாகிகள் தினம் எல்லாம் சரி. மில் எங்கே? ரோடியர் ஏ.எப்.டி. (ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ்) ஆகி, அரசாங்கமே எடுத்து நடத்தியும் 2020ல் மூடியாச்சு. எட்டு மணி நேரமும் இல்லை, ஒரு மணி நேரமும் இல்லை.

முத்தியால்பேட்டைக்காரன்:
8 மணி நேரம் வந்து 80 வருடம் ஓடிய மில்லை 8 மணி நேரம் மூடிவிட்டது என்கிறீர்கள். நல்ல நிதான விஷம் அண்ணே அது.

மஞ்சக்குப்பம் சாரிடம் ஒன்றே ஒன்று. 2023 ஏப்ரல் 21ல் உங்கள் தமிழ்நாட்டுச் சட்டசபையில் 12 மணி நேர வேலைக்கு மசோதா நிறைவேறியது. விருப்பப்பட்டால் மட்டும்தான் என்றார்கள். சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் கத்தியதில் மே 1ல் வாபஸ். அந்தப் பத்து நாளில் எங்களுக்கு இது வேண்டாம், ஆள் ஓடிவிடுவான் என்று எத்தனை முதலாளி சொன்னார்?

மஞ்சக்குப்பம்:
யாரும் சொல்லிக் கேட்ட நினைவு எனக்கு இல்லை. நானும் அப்போது அதை ஆதரித்தவன்தான். நாலு நாள் உழைத்து மூன்று நாள் வீட்டில் இருக்கலாமே என்று நினைத்தேன். இப்போது என் சொந்த யூனிட்டில் 11 பேர் தைக்கிறார்கள். நாளைக்கு அவர்களிடமே கேட்டு எழுதுகிறேன்.

உப்பளம்:
கேட்கும்போது நீங்கள் அங்கே நிற்காதீர்கள் சார்.