கர்னல் ஏசிபிஐ அட்டவணையைத் தொட்டதும் மெஷின் ரீஸ்டார்ட் ஆகிறது, அவசர உதவி

புதுக்கர்னல்: சொந்தமாகச் சின்ன கர்னல் ஒன்று எழுதுகிறேன். ஏசிபிஐ அட்டவணைகளை (வன்பொருள் விவரங்களை ஃபர்ம்வேர் தருபவை) படிக்க வேண்டும். அவை எங்கே என்று காட்டும் ஆர்எஸ்டிபி கிடைக்கிறது, செக்சம் சரி. அதிலுள்ள முகவரியை எடுத்து அட்டவணையைப் படிக்கப் போனால் லேப்டாப் அப்படியே ரீஸ்டார்ட். எர்ரர் எதுவும் வருவதில்லை. கியூஎமு எமுலேட்டரில் அருமையாக ஓடுகிறது. கோடில் தப்பில்லை, நன்றாகப் பார்த்துவிட்டேன். யாராவது சொல்லுங்கள் ப்ளீஸ்.

மணி_86: 32 பிட்டா, 64 பிட்டா? ஃபர்ம்வேர் பயாஸா, யூஈஎஃப்ஐயா? பூட்லோடர் எது? முகவரி என்ன? ஒன்றும் சொல்லாமல் ஜோசியம் பார்க்கச் சொல்கிறீர்களே.

ரிங்பூஜ்யம்: இது எக்ஸ்எஸ்டிடி (மற்ற அட்டவணைகளின் முகவரிப் பட்டியல்) கோளாறுதான், சந்தேகமே இல்லை. கியூஎமுவில் பழைய ஆர்எஸ்டிடி கிடைத்திருக்கும், அதில் முகவரிகள் 4 பைட். லேப்டாப்பில் எக்ஸ்எஸ்டிடி, 8 பைட். பட்டியலில் 4 பைட் 4 பைட்டாக நடந்தால் பாதி முகவரி குப்பை.

அசெம்பிளி அண்ணாச்சி: பேஜிங் (மெய்நிகர் முகவரியை உண்மையான நினைவக முகவரியாக மாற்றுவது) தெரியாமலே கர்னல் எழுதக் கிளம்பிவிடுகிறார்கள். இன்டெல் மேனுவல் மூன்றாம் தொகுதியைப் படித்துவிட்டு வாருங்கள் தம்பி. இங்கே ட்யூஷன் நடத்தவில்லை.

புதுக்கர்னல்: சாரி. 64 பிட், யூஈஎஃப்ஐ, பூட்லோடர் கிரப், அது கர்னலுக்குத் தகவல் தருவது மல்டிபூட்2 முறையில். ஆர்எஸ்டிபி அந்தத் தகவலின் 15ஆம் டேகிலிருந்து வருகிறது. ரிங்பூஜ்யம், நான் 8 பைட்டாகத்தான் நடக்கிறேன். அந்த இடத்துக்கே போகவில்லை, அட்டவணையின் முதல் எழுத்தைப் படிக்கும்போதே செத்துவிடுகிறது. முகவரி ஹெக்ஸில் 79586014.

தென்றல்_டிபக்: ஐடிடி (ஃபால்ட் வந்தால் எந்தக் கோடு ஓட வேண்டும் என்ற பட்டியல்) போட்டாயிற்றா? பேஜ் டேபிளில் எதுவரை மேப் செய்திருக்கிறீர்கள்?

புதுக்கர்னல்: ஐடிடி இன்னும் இல்லை. மேப்பிங் எல்லாரும் செய்வதுதான், 2 எம்பி பேஜ் 512.

தென்றல்_டிபக்: அப்போ விஷயம் அதுதான். 512 பேஜ் என்றால் 1 ஜிபி, அதாவது ஹெக்ஸில் 40000000 வரை. உங்கள் அட்டவணை 1.9 ஜிபி அருகே இருக்கிறது. மேப் ஆகாத இடம், தொட்டதும் பேஜ் ஃபால்ட். அதைப் பிடிக்க ஐடிடி இல்லாததால் டபுள் ஃபால்ட், பிறகு டிரிபிள் ஃபால்ட், ரீசெட். எர்ரர் வராததற்கும் அதுதான் காரணம்.

கியூஎமுவுக்கு ரேம் அளவு சொல்லாவிட்டால் 128 எம்பிதான் கொடுக்கும். அட்டவணைகள் அந்த ரேமின் உச்சியை ஒட்டி இருக்கும், அதுவும் உங்கள் 1 ஜிபிக்குள் அடக்கம். 2 ஜிபி கொடுத்து ஓட்டிப் பாருங்கள், அங்கேயும் விழும்.

தீர்வு: மெய்நிகர் முகவரியில் சில பேஜ்களை ஜன்னல் மாதிரி ஒதுக்குங்கள். முதலில் 36 பைட் தலைப்பை மட்டும் மேப் செய்து நீளத்தைப் படியுங்கள், பிறகு முழு நீளத்துக்கும் மேப் செய்யுங்கள். முகவரியின் கடைசி 014 பேஜுக்குள் இருக்கும் தூரம், அதைக் கூட்ட மறக்காதீர்கள். அட்டவணை அடுத்த பேஜுக்குள்ளும் நீளலாம்.

ரிங்பூஜ்யம்: ஜன்னல் எல்லாம் எதற்கு? 1 ஜிபி பேஜ் போட்டு மொத்த பிசிகல் நினைவகத்தையும் மெய்நிகர் முகவரிகளின் மேல்பாதியில் மேப் செய்தால் தொல்லை விட்டது.

மணி_86: லினக்ஸும் நேரடி மேப் வைத்திருக்கிறது. ஆனாலும் அது தயாராகும்வரை ஏர்லி ஐஓரீமேப் என்ற தற்காலிக ஜன்னல் வசதி தேவைப்படுகிறது. எக்ஸ்86இல் 8 இடம், ஒவ்வொன்றும் 64 பேஜ், 256 கேபி. எடுத்ததைத் திருப்பிக் கழற்றாவிட்டால் பூட்டின் கடைசியில் லீக் என்று எச்சரிக்கும்.

அசெம்பிளி அண்ணாச்சி: மொத்தத்தையும் மேப் செய்கிறவர்கள் எம்எம்ஐஓவையும் (சாதனங்களின் முகவரிகள்) சேர்த்து ரைட்-பேக், அதாவது கேச் ஆகும் நினைவகம், ஆக்கிவிடுவார்கள். வேடிக்கைதான்.

ரிங்பூஜ்யம்: எம்டிஆர்ஆர் (எந்த முகவரி கேச் ஆகலாம் என்று சொல்லும் சிபியு ரெஜிஸ்டர்கள்) ஓர் இடத்தை அன்கேச்சபிள் (கேச் ஆகாதது) என்று சொல்லியிருந்தால் பேஜ் டேபிள் ரைட்-பேக் என்றாலும் அன்கேச்சபிள்தான். மேனுவலில் இருக்கிறது அண்ணாச்சி, அதே மூன்றாம் தொகுதியில்.

அசெம்பிளி அண்ணாச்சி: ஆர்ம்64 ப்ராசஸருக்கு எம்டிஆர்ஆர் எங்கே இருக்கிறது? அங்கே சாதனத்தைச் சாதாரண நினைவகமாக மேப் செய்து பாருங்கள், கோடு கேட்காமலே ப்ராசஸர் ஊகத்தில் போய்ப் படிக்கும்.

மணி_86: கேட்டவர் கையில் இருப்பது எக்ஸ்86. வேறு இழை தொடங்குங்களேன்.

புதுக்கர்னல்: 2 ஜிபி கொடுத்ததும் கியூஎமுவிலும் விழுந்தது! ஜன்னல் போட்டேன், எக்ஸ்எஸ்டிடி வந்துவிட்டது. ஆனால் இப்போது எந்த அட்டவணையைத் திறந்தாலும் முதல் அட்டவணையின் பெயரே வருகிறது??

அசெம்பிளி அண்ணாச்சி: இன்வெல்பிஜி கட்டளை போடவில்லை, அதுதான் பழைய மேப்பை நீக்கும். அதே ஜன்னலுக்குப் புது பிசிகல் முகவரி எழுதினீர்கள், டிஎல்பியில் (முகவரி மாற்றங்களின் கேச்) பழையது அப்படியே இருக்கிறது. இதற்குத்தான் படிக்கச் சொன்னேன்.

புதுக்கர்னல்: ஓடுது. எல்லாருக்கும் நன்றி.

தென்றல்_டிபக்: நல்லது. அப்புறம் ஒன்று, மல்டிபூட் மெமரி மேப்பில் வகை 3 ஏசிபிஐ அட்டவணைகள் இருக்கும் இடம். படித்து முடிக்கும்வரை அதை அலகேட்டரிடம் (நினைவகத்தைப் பங்கிடும் கோடு) கொடுக்காதீர்கள். வகை 4ஐ எப்போதுமே கொடுக்க வேண்டாம். உங்கள் அலகேட்டர் வகை 1ஐ (பயன்படுத்தக்கூடிய ரேம்) மட்டும்தானே எடுக்கிறது?

மணி_86: ஆள் போய்விட்டார் போல. ரிங்பூஜ்யம், 1 ஜிபி பேஜ் எல்லா சிபியுவிலும் கிடையாது, சிபியுஐடி கட்டளையால் அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போடுகிறீர்களா?

ரிங்பூஜ்யம்: என் மெஷினில் இருக்கிறது.